கடைசிக்கு முந்தின பக்கம்

கெமி நகரில் அதிகாலை மூன்று ஐம்பது.
மைனஸ் இருபத்தாறு.
மூக்கு இன்னும் இருக்கிறதா என்று
தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூற்றுப் பதினெட்டு செய்தித்தாள்,
பனியில் காலால் உந்தித் தள்ளும் ஒரு வண்டி,
நெற்றியில் விளக்கு.
முதல் கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்து
ஒரே ஒரு பிரதியைப் பிரிப்பேன்.
மந்திரிசபை கவிழ்ந்ததா, காகித ஆலை மூடியதா,
அதை ஊர் விழித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.
எனக்கு வேண்டியது
மரண அறிவிப்புகளுக்கு ஒட்டினாற்போல்
(எவர் போட்ட பக்கமோ, புண்ணியவான்)
நான்கு கட்டம்.

ஓனா.
வயது ஐந்தரை. முன்பல் ஒன்று இல்லை.
தலைமுடி, யாரோ கோபத்தில் பேனாவைச் சோதித்தது போல.

திங்கட்கிழமை பனியில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.
"என்னடி அது?" என்றாள் அம்மா.
"சவக்குழி."
"யாருக்கு?"
கடைசிக் கட்டத்தில் மண்வெட்டிமேல் சாய்ந்துகொண்டு,
"வியாழக்கிழமை பட்டாணி சூப்
யார் வைக்கிறாங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

சிரித்துவிட்டேன்.
அந்த நேரத்து மாடிப்படி
ஒரு சிரிப்பை நாலாக்கித் திருப்பித் தரும்.
இரண்டாம் மாடி நாய் குரைத்தது.

பிரித்துப் படித்த பிரதி
நாளுக்கு ஒரு வீடாக மாறி மாறிப் போகும்.
அநியாயத்தையும்
சமமாகப் பங்கு வைக்க வேண்டும் அல்லவா.

பதினாறு வருஷம் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தவள் நான்.
பிள்ளைகள் பூ மாதிரி என்று யாராவது ஆரம்பித்தால்
முழங்கைத் தழும்பைக் காட்டுவேன்.
பூ கடித்தது.

செவ்வாய், பெரியப்பாவின் இறுதிச் சடங்கு.
"இதைவிட நல்ல இடத்துக்குப் போயிட்டார்" என்கிறார் பாதிரியார்.
ஓனா சுற்றிலும் ஒருமுறை பார்க்கிறாள்:
"அதுக்கு ஏன் எல்லாரும் அழறீங்க?
பொறாமையா?"

அதற்குத்தான் கடிதம் வந்தது.
'பச்சைப் பிள்ளை வாயில் சாவா?
காப்பி இறங்கவில்லை. உடனே நிறுத்துக.'
கீழே, 'தூக்கம் கெட்ட சந்தாதாரர்.'
அப்புறம் இன்னும் ஒன்பது.
அடுத்த வாரம்
ஓனா இருந்த இடத்தில் ஒரு நாய்க்குட்டி வந்தது.
நான்கு கட்டத்திலும் வால் ஆட்டியது.
நான்கிலும் அவ்வளவுதான்.

மாடிப்படியில் உட்காருவதை விட்டேன்.
வேலை இருபது நிமிஷம் முன்னால் முடிந்தது.
யாருக்கு வேண்டும் அந்த இருபது நிமிஷம்.

பன்னிரண்டாம் நாள்
மூன்றாம் மாடி, எட்டாம் எண் வீட்டில்
துவாரத்துக்குள் தாளை நுழைக்கிறேன்,
அந்தப் பக்கமிருந்து பிடுங்குகிறது ஒரு கை.
கதவு திறந்தது.
இல்போ கெம்ப்பைனென், கம்பளிக் காலுறை,
சட்டையைப் பற்றி அவர் இன்னும் யோசிக்கவில்லை.
"எங்கே அந்தப் பொண்ணு?"

நிறுத்தச் சொல்லி யாரோ எழுதினார்களாம் என்றேன்.

"நான்தான் எழுதினேன்."

குழாய்விளக்கு ஒன்று இமைத்துக்கொண்டிருந்தது.

"இம்பி போனதிலிருந்து
வீட்டில் திட்ட ஆள் இல்லை.
காலையில் அதைப் படிப்பேன், திட்டுவேன்,
அந்தச் சூட்டில் எழுந்து காப்பி போடுவேன்.
நிறுத்துவானுங்கன்னு நான் கண்டேனா?
புகார் கொடுத்தால் எந்த ஊரில் கேட்கிறார்கள்?"

இன்னொரு கடிதம் எழுதுங்கள் என்றேன்.
"எழுதியாச்சு. நாலு. வேற வேற கையெழுத்தில்."
கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் இரண்டாம் வாரம்.
மாடிப்படி. விளக்கு. பழக்கதோஷத்தில் பிரித்தேன்.
முதல் கட்டம்: வெறும் பனி.
இரண்டாவது: குழியிலிருந்து ஒரு கையுறை.
மூன்றாவது: ஓனா, காதெல்லாம் பனி.
நான்காவது:
"யாரும் வரலை. நானே படுத்துப் பார்த்தேன்.
குளிருது. கம்பி டிவி இல்லை.
யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்."

வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டேன்.
நாய் தூங்கட்டும், பாவம்.
பிரித்த பிரதி அன்றைக்கு ஏழாம் எண்ணுக்குப் போக வேண்டிய முறை.
முறையை மீறி எட்டாம் எண்ணில் போட்டேன்,
அந்தப் பக்கம் மேலே வரும்படி மடித்து.

பாதிப் படி இறங்கியிருப்பேன்.
மேலே கெட்ட வார்த்தை ஒன்று,
முழு நீளத்துக்கு, அனுபவித்து.
அதன் வால் எங்கோ இடறிக்
கனைப்பாகி, இருமலாகி,
வேறெதுவோ ஆனது.

நாய் குரைத்தது.
இந்தமுறை நான் காரணமில்லை.